பறவை வந்த நாளைக் குறித்து வையுங்கள்

ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதக் கடைசியிலிருந்து சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களின் ஓடைக் கரைகளுக்கு ஒரு சின்னஞ்சிறிய விருந்தாளி வந்து சேர்கிறது. முதுகு சாம்பல் நிறம், வயிறு மஞ்சள், நீண்ட வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவிப் பூச்சி பிடிக்கும். பீலியடியில் தண்ணீர் பிடிப்போரும், கான் வெட்டுவோரும், கொழுந்து மலைக்குப் போவோரும் இதனை நாளாந்தம் காண்கின்றனர். "வாலாட்டிக் குருவி" என்று சொல்லிவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கின்றனர். இமயமலைச் சாரலிலும் அதற்கப்பால் வட ஆசியாவின் மலையாறுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் வருமுன் புறப்பட்டு, பாரதம் முழுவதையும் கடலையும் கடந்து அது எமது ஓடைக்கு வந்திருக்கிறது என்பதை எம் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அதனைத் தொடர்ந்து ஏனையவை வருகின்றன. செப்டெம்பரில் தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசை வரிசையாக அமரத் தொடங்கும். பழுப்புக் கீச்சான் வேலியோரக் கிளையொன்றில் இருந்து, கரகரத்த குரலில் தன் வருகையைத் தானே அறிவிக்கும். ஒக்டோபரில் ஆறுமணிக் குருவியின் இரட்டைச் சீழ்க்கை விடியலிலும் அந்தியிலும் கேட்கும். இறப்பர் மரங்களுக்கு அடியில் சருகின்மேல் நடந்து திரியும் காட்டு வாலாட்டியும் வந்துவிடும். இது மட்டும் தன் இனத்தாரைப் போலன்றி வாலைப் பக்கவாட்டில் அசைக்கும். நீண்ட வெள்ளை நாடாவைப் பின்னே இழுத்துக்கொண்டு பறக்கும் அரசவால் ஈபிடிப்பானும் இக்காலத்திலேயே தென்படும். வட நாடுகளில் இது இலையுதிர் காலம். எமக்கோ ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மார்ச், ஏப்பிரல் மாதங்களில் இவை வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

இக்கட்டுரையில் நாம் முன்வைக்க விரும்புவது ஒன்றே. இப்பறவைகளின் வரவை நடந்து பார்ப்பதும், நாளிட்டுக் குறித்து வைப்பதும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. தாம் வந்து சேர்ந்த நிலத்தை அறிந்து, அதனைத் தமதாக்கி, அதன் ஆபத்துகளிலிருந்து தம்மைக் காத்துக்கொள்வதற்கு அது செலவில்லாத ஒரு வழி.

இது யாருடைய வேலை?

"அரிசி விலையும் நாட்சம்பளமும் இப்படி இருக்கையில் குருவி பார்க்க எமக்கேது நேரம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பறவை பார்த்தல் என்றதும் கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டு, வானில் வந்திறங்கும் உல்லாசப் பயணிகளே எம் கண்முன் நிற்கின்றனர். சிங்கராஜ வனத்துக்கும் கித்துல்கலைக்கும் அவர்கள் வருகின்றனர், பறவையைப் பார்க்கின்றனர், போகின்றனர். வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லாதவனுக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணத் தோன்றும்.

இந்நாட்டில் பறவைகளைப் பற்றிய அறிவு அச்சேறிய வரலாறும் இவ்வெண்ணத்துக்கு ஒரு காரணம். இலங்கைப் பறவைகள் பற்றிப் பலரும் இன்றும் எடுத்துப் பார்க்கும் ஆங்கில நூலை 1955இல் வெளியிட்ட ஜி. எம். ஹென்றி, 1891இல் தேயிலைத் தோட்டமொன்றிலேயே பிறந்தவர். இலங்கைப் பறவைக் கழகம் 1943இல் தோன்றியது. அதற்குத் தகவல் தந்தோரில் தோட்டத் துரைமார் பலர் இருந்தனர். 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை அடியொற்றி இலங்கைக் கள ஆய்வுப் பறவையியல் குழு உருவானபோது, இவ்வறிவு மாணவர்களையும் சாதாரண மக்களையும் ஓரளவு வந்தடைந்தது. இவர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துரைமார் குதிரையிலும் காலாலும் சென்ற அதே பாதைகளில், அவர்களுக்கு முன்பே விடியலில் இறங்கி நடந்தவர்கள் எமது பாட்டன்மார், பாட்டிமார். அவர்கள் கண்டவை அச்சேறவில்லை.

மேலும், இதற்கெனத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. இறப்பர் பால் வெட்டுவோர் இருள் பிரியுமுன்பே மரத்தடிக்குப் போகின்றனர். பறவைகள் அதிகம் ஒலிக்கும் நேரமும் அதுவே. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு நாளில் ஏறி இறங்கும் தூரத்தை எந்த உல்லாசப் பயணியும் நடப்பதில்லை. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் குறுக்குப் பாதையும் ஓடையைக் கடந்துதான் போகிறது. நடையை நாம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறோம். நாம் கேட்பதெல்லாம், அந்நடையில் கண்ணையும் காதையும் திறந்து வைத்து, கண்டதை ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும் என்பதே.

பறவையோடு எம்மை ஒப்பிடுவோருக்கு

இடம்பெயர்ந்தோரைப் பற்றிப் பேசும்போது "பறவைகளைப் போல" என்று சொல்வது மேடைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. எமது ஆலயப் பிரசங்கங்களிலும் இதைக் கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு இனிய உவமைதான். ஆனால் அது உண்மையன்று. உண்மையல்லாத ஆறுதல் எவரையும் தேற்றாது.

பறவை புறப்படுவது தன் காலத்தில். எவரும் அதனைத் துரத்துவதில்லை. எங்கே போகிறது என்பது அதற்குத் தெரியும். திரும்பி வரும் வழியும் தெரியும். பழுப்புக் கீச்சான், வடக்கே மொங்கோலியா, சைபீரியா வரை பரந்த நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கப் பெரும்பாலும் சென்ற ஆண்டு தங்கிய அதே இடத்துக்கே மீண்டும் வரும் இயல்புடையது என ஆய்வாளர்கள் அறிந்திருக்கின்றனர். அது நாடோடியல்ல. இரண்டு வீடுகளை உடையது.

எமது மக்களின் கதை அப்படிப்பட்டதா? 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் தீர்மானித்தது. மிகுதி 150,000 பேரின் விதி பின்னர் பேசிக்கொள்ளப்படும் என விடப்பட்டது. அதனைத் "தாயகம் திரும்புதல்" என்றனர். ஆனால் கப்பலேறியவர்களுள் எத்தனையோ பேர் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் பிறந்து வளர்ந்தவர்கள். தாம் ஒருநாளும் காணாத ஊருக்குத் "திரும்பி"யவர்கள். எந்தப் பறவையும் தான் காணாத கூட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவதில்லை. நாடற்றவர்களாக எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு முடிவு காண 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1977இலும் 1981 ஓகஸ்டிலும் இம்மாகாணத்துத் தோட்டங்களில் லயன்கள் தாக்கப்பட்டபோது, உடுத்த உடையோடு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் கமம் செய்யத் தொடங்கிய குடும்பங்கள் உண்டு. போர் அவர்களை அங்கிருந்தும் மீண்டும் மீண்டும் கிளப்பியது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் குடியிருப்பு மண்ணுள் புதைந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலைநாடெங்கும் நிலத்தைச் சரித்து நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டது. இவற்றில் வீடிழந்தோர் சிறகு விரித்துப் போனவர்கள் அல்லர். தம் மண் தம் காலடியிலிருந்து பறிக்கப்பட்டவர்கள்.

எனவே, பறவையைக் காட்டி "நீயும் இப்படித்தான்" என்று இடம்பெயர்ந்தவனிடம் சொல்ல வேண்டாம். ஆனால் பறவையிடமிருந்து கற்க வேண்டிய ஒன்று உண்டு. வலசை வரும் பறவை உயிர்வாழ இரு முனைகளும் வேண்டும். குஞ்சு பொரிக்கும் காடு அங்கே இருந்தாலும், குளிர்காலத்துக்கான ஓடை இங்கே வற்றிப்போனால் அதன் பயணம் வீண். காஷ்மீரத்து மலைக்காடுகளில் கூடு கட்டும் காஷ்மீர் ஈபிடிப்பான் என்னும் சிறு பறவை, குளிர்காலத்தில் எமது மலைநாட்டையும் தென்னிந்திய மலைகளையுமே பெரிதும் நம்பி வருகிறது. இங்கே மரம் போனால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. இடம்பெயர்ந்த மனிதனுக்கும் அப்படியே. இழந்த இடத்தின் மீதான உரிமையும் வேண்டும். வந்து சேர்ந்த இடத்தில் வேர்விடும் வாய்ப்பும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை மறக்கச் சொல்வது நீதியாகாது.

இதைத் தமிழ்ப் புலவர் ஒருவர் எப்போதோ உணர்ந்திருந்தார். சத்திமுற்றப் புலவர் வறுமையால் ஊரைவிட்டு மதுரைக்கு வந்து, போர்த்தத் துணியின்றிக் குளிரில் நடுங்கியிருந்த வேளையில், வானில் சென்ற நாரையைக் கண்டு பாடிய பாட்டு பாடசாலைப் புத்தகங்களில் உண்டு. தெற்கே குமரிக்குப் போய் நீராடி, பிறகு வடக்கே திரும்பும் நாரையிடம் அவர் தன் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார். பறவைக்குத் திரும்பும் வழி உண்டு, தனக்கு இல்லை என்பதே அப்பாட்டின் துயரம். அவர் தன்னை நாரையாகப் பாடவில்லை. நாரையைப் பார்த்து ஏங்கும் மனிதனாகவே பாடினார்.

அவை வரும் வழி

இப்பறவைகள் இலங்கைக்குள் மூன்று வழிகளால் வருவதாகச் சொல்லப்படுகிறது. ஒன்று, இந்தியாவின் மேற்குக் கரையோரமாக இறங்கி மன்னார்ப் பக்கமாக வருவது. இரண்டாவது, கிழக்குக் கரையோரமாக வந்து யாழ்ப்பாணக் குடாநாட்டால் நுழைவது. மூன்றாவது, அந்தமான் தீவுகள் பக்கமிருந்து கடலைக் கடந்து வருவது. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்பறவைகள் சிலவற்றுக்குச் செய்மதிக் கருவி பொருத்தினர். அவற்றுள் ஒரு கடற்காகம் வடதுருவத்தை அண்டிய ரஷ்ய நிலமான யமல் குடாநாடு வரை சென்று, மீண்டும் மன்னாருக்கே திரும்பியதைக் கண்டனர்.

மன்னார் என்ற பெயர் எமது குடும்பக் கதைகளிலும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வழியில் பசியாலும் நோயாலும் இறந்தோர் ஏராளம். 1914இலிருந்து தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் அவ்வழியை இலகுவாக்கின. சப்ரகமுவத்து இறப்பர், தேயிலைத் தோட்டங்களுக்கு எம்மவர் பலரும் அவ்வழியே வந்தனர். ஆக, வலசைப் பறவையும் எமது முன்னோரும் ஒரே கடலைக் கடந்தவர்கள்தான். வேறுபாடு, பறவைக்குத் திரும்பும் வழியை எவரும் அடைக்கவில்லை என்பதே.

ஆறுமணிக் குருவியின் கதையும் இதையே நினைவூட்டுகிறது. இந்தியாவின் நடுப்பகுதிகளிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்து, ஒக்டோபரளவில் இரவோடிரவாகப் பறந்து வருவது அது. பச்சை, நீலம், மண்ணிறம், வயிற்றின் அடியில் சிவப்பு எனப் பல நிறம் கொண்டது. சிங்கள மக்கள் அதன் ஒலியைக் கேட்டு "அவிச்சியா" என்று பெயரிட்டனர். மயில் தன் ஆடையை அபகரித்துக்கொண்டதென்று அக்குருவி முறையிடுவதாக அவர்களிடையே ஒரு பழங்கதை உண்டு. தன் உடைமையை இழந்து, நீதி கேட்டுக் காலையும் மாலையும் குரல்கொடுக்கும் அக்குருவியைத் தமிழ்த் தாயும் சிங்களத் தாயும் தம் பிள்ளைகளுக்குச் சேர்ந்து காட்டலாம். பக்கத்துக் கிராமத்தோடு பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல காரணம் கிடைப்பதரிது.

மலையை வாசிக்கும் கண்

பறவைகள் வரும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களே எமக்கு இடியுடன் கூடிய பெருமழைக் காலமும் ஆகும். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் மண்சரிவு அபாயம் மிகுந்தவை. ஒரே பாதையில் கிழமைக்கு இரண்டு தடவையாவது கவனத்தோடு நடப்பவனுக்குப் பறவை மட்டுமா தெரியும்? நேற்றுவரை தெளிந்தோடிய ஓடை இன்று கலங்கியிருப்பது தெரியும். நேராக நின்ற மரமும் வேலிக் கட்டையும் சாய்ந்திருப்பது தெரியும். நிலத்தில் புதிய வெடிப்பும், ஊற்று திடீரென வற்றிப்போனதும், இல்லாத இடத்தில் புது ஊற்றுக் கிளம்பியதும் தெரியும். இவை யாவும் மண் சரியப்போவதற்கான அடையாளங்கள் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் தொடர்ந்து அறிவுறுத்தி வருகிறது.

அந்நிறுவனத்தின் அளவுகோலையும் ஒவ்வொரு குடும்பமும் மனதில் வைத்திருக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்துள் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ உடனே பாதுகாப்பான இடத்துக்குச் சென்றுவிட வேண்டும். அடையாளங்களைக் கண்டால் மழையின் அளவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பறவைக் கொப்பியில் மழையின் அளவையும் எழுதும் பழக்கம் வந்தால், அக்கொப்பியே ஒரு லயத்தைக் காப்பாற்றலாம்.

இன்னொன்றும் உண்டு. தோட்டங்களில் குளவி கொட்டி உயிரிழந்தோரைப் பற்றிய செய்தியை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். குளவி என்று நாம் சொல்வது பல வேளைகளில் உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் கூடு கட்டும் மலைத்தேனீயே. தேன் பருந்து என்னும் பறவை அக்கூட்டைத் தாக்கி அதன் புழுக்களைத் தின்னும்; கலைந்த தேனீக்கள் கீழே வேலை செய்வோரைச் சூழும். எமது நாட்டிலேயே வாழும் தேன் பருந்துகளோடு, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவையும் சேர்ந்துகொள்கின்றன. கூடுள்ள மரத்தைச் சுற்றி இப்பருந்து வட்டமிடுவதைக் கண்டுகொள்ளத் தெரிந்த ஒருவர் அந்த மலையில் இருந்தால், ஏனையோரை நேரத்தோடு அழைத்து விலக்கிவிடலாம். அண்ணாந்து பார்க்கும் பழக்கம் சோம்பேறிகளுக்குரியதன்று.

எப்படித் தொடங்குவது?

முதலில், ஒரு பாதையைத் தெரிந்தெடுங்கள். வீட்டிலிருந்து ஓடைவரை, அல்லது லயத்திலிருந்து பாடசாலைவரை அரை மணித்தியால நடை போதும். பழகிய பாதையாகவே இருக்கட்டும். பற்றைக்குள் பன்றிக்கு வைத்த கம்பித் தடங்கள் இருக்கலாம். எனவே பாதையைவிட்டு இறங்க வேண்டாம். கடும் மழையிலும் மலைப்பக்கம் போக வேண்டாம்.

இரண்டாவதாக, எல்லாப் பறவைகளையும் அறிய முயல வேண்டாம். ஐந்து போதும்: ஓடைக்குச் சாம்பல் வாலாட்டி, கம்பிக்குத் தகைவிலான், வேலிக்குப் பழுப்புக் கீச்சான், சருகுக்கு ஆறுமணிக் குருவி, மர நிழலுக்கு வெள்ளை வால் அரசவால் ஈபிடிப்பான். கடைசியாகச் சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. எமது நாட்டிலேயே நிலைத்து வாழும் இனத்து ஆண் பறவை வெண்ணிறமாவதில்லை. அது செம்மண்ணிறமாகவே இருக்கும். ஆகவே வெள்ளை ஆணைக் கண்டால் அது இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளி என்று துணிந்து எழுதலாம். சிங்களத்தில் அதனை "ரெதி ஹொரா", அதாவது துணி திருடன் என்பர்.

மூன்றாவதாக, ஒரு கொப்பியில் திகதி, இடம், பறவை, எத்தனை, அன்றைய மழை ஆகியவற்றை எழுதுங்கள். முதன்முதலாகக் கண்ட நாளையும் கடைசியாகக் கண்ட நாளையும் அடிக்கோடிடுங்கள். பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். ஓர் ஆண்டுக் குறிப்பு ஒரு நினைவு. ஐந்தாண்டுக் குறிப்பு ஒரு சான்று. ஓடை வற்றுகிறது, மரம் குறைகிறது, பறவை பிந்துகிறது என்று அதிகாரிகளிடம் பேசும்போது, "முன்பெல்லாம் நிறைய வரும்" என்ற பேச்சுக்கு இல்லாத மதிப்பு திகதியிட்ட கொப்பிக்கு உண்டு.

நான்காவதாக, களைத்து வரும் பறவைக்கு இடங்கொடுங்கள். ஒக்டோபரில் ஆறுமணிக் குருவி சில வேளைகளில் பயணக் களைப்பால் வீட்டுக்குள்ளேயே வந்து விழும். காற்றுப்போகத் துளையிட்ட காட்போட் பெட்டியில் இருளாக வைத்து, களைப்பு நீங்கியதும் பற்றையோரமாக விட்டுவிடுங்கள். முற்றத்தின் ஒரு மூலையிலாவது சருகைக் கூட்டி எரிக்காமல் விடுங்கள். அது அக்குருவியின் சாப்பாட்டு மேசை. பிள்ளைகளின் கையிலுள்ள கெற்றப்போலை வாங்கி வையுங்கள். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒரு சில இனங்கள் தவிர்ந்த ஏனைய பறவைகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படியெல்லாம் செய்ய ஏழை மக்களால் முடியுமா என்று ஐயுற வேண்டாம். எமது முன்னோர் பலர் புறப்பட்டு வந்த மாவட்டங்களை அண்டிய சிவகங்கைச் சீமையில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி விவசாயிகள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலில், பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தம் வயலுக்கு உரம் என்பதை அறிந்த உழவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடக்கூடாதென்று வெள்ளைக்கார அதிகாரியிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பெற்றனர். அவர்கள் படித்தவர்களோ பணக்காரர்களோ அல்லர். தம் நிலத்தை அறிந்தவர்கள்.

நாம் கேட்பது

குடும்பங்களிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது முறையன்று. மண்சரிவில் வீடிழந்தோருக்குப் புதிய குடியிருப்பு அமைக்கும்போது, பல இடங்களில் முதலில் செய்யப்படுவது இயந்திரத்தைக் கொண்டுவந்து நிலத்தை மொட்டையாக்குவதே. பிறகு 7 அல்லது 10 பேர்ச்சஸ் துண்டுகளாக அளந்து வீடுகளை எழுப்புகின்றனர். நிழலுமில்லை, ஓடையுமில்லை, நடப்பதற்குப் பாதையுமில்லை. கமம் செய்து பழகிய மக்களை அங்கே இருத்திவிட்டு, "உங்களுக்கு வீடு கொடுத்துவிட்டோம்" என்கின்றனர். வீடு கொடுத்தனர், ஊர் கொடுக்கவில்லை. ஓடையின் இருகரைக் காப்பு நிலத்தையும், நின்ற மரங்களில் சிலவற்றையும், பொதுப் பாதை ஒன்றையும் விட்டுவைத்தே குடியிருப்புத் திட்டம் வரையப்பட வேண்டும் என்று பிரதேச செயலகங்களிடமும் தோட்டக் கம்பனிகளிடமும் நாம் கேட்க வேண்டும்.

தோட்டங்களால் இது முடியாததன்று. காவத்தைப் பெருந்தோட்டக் கம்பனியின் எந்தானைத் தோட்டத்தில், பிரிந்து கிடக்கும் காட்டுத் துண்டுகளை இணைக்கத் தோட்ட நிலத்தினூடாக மரங்கள் நட்டு ஒரு பசுமைப் பாதை அமைக்கப்பட்டிருக்கிறது. காட்டு உயிர்கள் கடந்து செல்ல ஒரு பாதை விட முடியுமென்றால், மனிதக் குடும்பங்கள் நின்று மூச்சுவிட ஒரு மரநிழலும் விட முடியும். பறவைக்கு இடம் கேட்பதும் மக்களுக்குக் காணி உறுதி கேட்பதும் வெவ்வேறு போராட்டங்கள் அல்ல. ஓடைக் கரையில் வாலாட்டி நிற்கும் இடத்தில் மனிதனும் நல்ல தண்ணீர் குடிக்கலாம். அது கைவிட்ட ஓடையில் எமது பிள்ளைகளுக்கும் நோய்தான் கிடைக்கும்.

தான் வாழும் மண்ணைத் தெரியாதவனை அங்கிருந்து கிளப்புவது எளிது. எந்த மரத்தில் எந்தப் பறவை எந்த நாளில் வந்திறங்குகிறது என்று ஐந்தாண்டுக் கொப்பியை விரித்துக் காட்டக்கூடிய குடும்பத்தைப் பார்த்து, "நீங்கள் வந்தேறிகள், இவ்விடத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்க எவருக்கும் வாய் வராது. உறுதிப் பத்திரம் அரசு தர வேண்டியது. அதற்காக நாம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் நிலத்தை அறியும் உரிமையை எவரும் எமக்கு எழுதித் தரத் தேவையில்லை. அடுத்த ஓகஸ்ட் மாதக் கடைசியில், ஒரு ரூல் கொப்பியும் பென்சிலும் பிள்ளையின் கையில் கொடுத்து ஓடைப்பக்கம் அனுப்புங்கள். முதல் வரி இப்படித் தொடங்கட்டும்: இன்ன திகதி, இன்ன ஓடை, வாலாட்டி ஒன்று.